தம்பியின் மேன்முறையீடு: மறுப்புக் கடிதத்திலிருந்து இரண்டாவது விசாரணை வரை

முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்த என் தம்பி 2018இல் பிரித்தானியாவில் தஞ்சம் கோரினான். 2019இல் அந்தக் கோரிக்கை மறுக்கப்பட்டது. முதல் மேன்முறையீடு தோற்று, மேல் தீர்ப்பாயம் வரை போய், அங்கிருந்து மறுபடியும் முதல்நிலைத் தீர்ப்பாயத்துக்கு வந்து, 2022இல்தான் அவனுக்கு அகதி அந்தஸ்து கிடைத்தது. நான் அதற்கு முன்பே இந்த நாட்டுப் பிரசையாகிவிட்டவள். அவன் என் வீட்டில் தங்கியிருந்ததால் ஊரிலிருந்து காகிதங்களைத் திரட்டியது, சொலிசிற்றரோடு பேசியது, விசாரணையில் சாட்சி சொன்னது எல்லாமே என் பொறுப்பாயிற்று. இதே நிலையில் இன்று நிற்கும் குடும்பங்களுக்குப் பயன்பட வேண்டும் என்பதற்காக, தம்பியின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். விதிகள் அடிக்கடி மாறுகின்றன என்பதால், நான் சொல்லும் காலக்கெடுக்களையும் நடைமுறைகளையும் உங்கள் சட்டத்தரணியிடம் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

மறுப்பு வந்த செய்தி பரவியதும் எங்களுக்குக் கிடைத்த ஆலோசனைகள் இரண்டு வகைப்பட்டன. "அப்பீலில் எப்பிடியும் கிடைக்கும், யோசிக்காதை" என்றார்கள் சிலர். "கேஸ் பலம் காணாது, இன்னும் ஒரு சம்பவத்தைச் சேர்த்துச் சொல்லு" என்றார்கள் வேறு சிலர். முதலாவது ஆலோசனை ஆளைச் சும்மா இருக்க வைத்துவிடும். இரண்டாவது உண்மையான வழக்கையே கொன்றுவிடும். தஞ்சக் கோரிக்கை இன்டர்வியூவில் சொல்லாத புதிய கைது ஒன்று மேன்முறையீட்டில் திடீரென்று முளைத்தால், அரசுத் தரப்பு வேறெந்த வேலையும் செய்யத் தேவையில்லை. தம்பியிடம் நான் முதல் நாளே சொன்னது, நடந்ததை மட்டும் சொல், நினைவில்லாததை நினைவில்லை என்று சொல், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதைத்தான்.

முதலில் காலக்கெடு. நாட்டுக்குள் இருந்து மேன்முறையீடு செய்பவருக்கு, மறுப்பு அறிவித்தல் அனுப்பப்பட்ட திகதியிலிருந்து 14 நாட்கள் மட்டுமே உண்டு. கடிதம் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டு ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். தம்பிக்கு அதுவரை உதவிய சட்ட நிறுவனம், வெற்றி வாய்ப்புப் போதாது, ஆகவே மேன்முறையீட்டுக்கு லீகல் எயிட் (அரசு செலவில் கிடைக்கும் சட்ட உதவி) தர முடியாது என்று கெடு முடியும் தறுவாயில் அறிவித்தது. அந்த மாதிரியான முடிவை மறுபரிசீலனை செய்யும்படி கேட்பதற்கு ஒரு படிவம் இருக்கிறது, அதைத் தருவது அந்த நிறுவனத்தின் கடமை. ஆனால் அதன் பதிலுக்காகக் காத்திருந்தால் நாள் போய்விடும். மேன்முறையீட்டை யாரும் சட்டத்தரணி இல்லாமலே தாக்கல் செய்யலாம். காரணங்களைச் சுருக்கமாக எழுதி, விவரம் பின்னர் வரும் என்று குறிப்பிட்டாலும் ஏற்றுக்கொள்வார்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். தாக்கல் செய்த பிறகு, ஆறுதலாக வேறொரு லீகல் எயிட் நிறுவனத்தைத் தேடினோம். லீகல் எயிட்டிலோ அரசின் தஞ்சக் கொடுப்பனவிலோ இருப்பவர் தீர்ப்பாயக் கட்டணம் கட்டத் தேவையில்லை. உரிய காலத்தில் தாக்கல் செய்த மேன்முறையீடு நிலுவையில் இருக்கும்வரை ஆளை நாடு கடத்தவும் முடியாது. தேசியம், குடிவரவு, தஞ்சம் பற்றிய 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் 78ஆம் பிரிவு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. கெடு தவறியவர்கள் தாமதத்துக்கான காரணத்தை ஆதாரத்தோடு எழுதி நீடிப்புக் கேட்கலாம் என்றாலும், அது நீதிபதியின் விருப்புரிமை.

கடைகளிலும் கோயில் மண்டபங்களிலும் "நான் கேஸ் செய்து தாறன்" என்று திரிபவர்களிடம் காசு கொடுக்க வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதிவு இல்லாமல் குடிவரவு ஆலோசனை வழங்குவது 1999ஆம் ஆண்டுக் குடிவரவு, தஞ்சச் சட்டத்தின்படி குற்றம். பதிவுள்ளவர்களின் பட்டியலை இப்போது குடிவரவு ஆலோசனை அதிகாரசபை என்ற பெயரில் இயங்கும் அமைப்பின் இணையத்தளத்தில் எவரும் பார்க்கலாம்.

இனி விஷயத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். மேன்முறையீடு என்றால் நீதிபதி முன்னால் போய் எல்லாத் துன்பத்தையும் மறுபடி ஒருமுறை சொல்லி அழுவது என்று நானும் தம்பியும் நினைத்திருந்தோம். எங்கள் புதிய சொலிசிற்றர் அம்மா முதல் சந்திப்பிலேயே மறுப்புக் கடிதத்தை மேசையில் விரித்து, ஒவ்வொரு பந்தியின் ஓரத்திலும் பென்சிலால் இலக்கமிட்டார். ஏற்றுக்கொண்டவை எவை, ஏற்காதவை எவை, ஏற்காததற்குச் சொல்லும் காரணம் என்ன, அந்தக் காரணத்துக்கு நம்மிடம் உள்ள பதில் என்ன, பதிலுக்கு ஆதாரம் என்ன என்று ஒரு அட்டவணை போட்டார். தம்பி தமிழன், முல்லைத்தீவுக்காரன், 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தவன் என்பதெல்லாம் ஏற்கப்பட்டிருந்தன. 2017இல் அவன் பிடிக்கப்பட்டுச் சித்திரவதை செய்யப்பட்டதைத்தான் ஏற்கவில்லை. ஆகவே ஏற்றுக்கொண்டவற்றில் ஒரு நாளைக்கூட நாங்கள் செலவிடவில்லை. மறுப்புக் கடிதம் வந்த எவரும் முதலில் செய்ய வேண்டிய வேலை இந்த அட்டவணைதான் என்பது என் உறுதியான கருத்து. அதைச் செய்தால், ஐம்பது பந்தி உள்ள கடிதமும் ஐந்தாறு கேள்விகளாகச் சுருங்கிவிடுவதைக் காண்பீர்கள்.

எங்கள் கடிதத்தில் இருந்த கேள்விகளில் ஒன்று திகதி. 2017இல் முல்லைத்தீவுக் கேப்பாப்பிலவு மக்கள், இராணுவம் பிடித்து வைத்திருந்த தங்கள் காணிகளுக்காக வீதியோரத்தில் தொடர் போராட்டம் நடத்தினார்கள். தம்பி அங்கே கொட்டகை போடுவது, தண்ணீர் கொண்டுபோவது, படம் எடுத்து அனுப்புவது போன்ற வேலைகளைச் செய்தவன். அவன் பிடிபட்டது மே மாதம் என்று ஓரிடத்திலும் ஜூன் மாதம் என்று இன்னோரிடத்திலும் பதிவாகியிருந்தது. ஆகவே சம்பவமே பொய் என்று அதிகாரி எழுதியிருந்தார். உண்மையில் தம்பி இரண்டு தடவையும் ஒன்றையேதான் சொல்லியிருந்தான்: வற்றாப்பளைப் பொங்கல் முடிந்து சில நாட்களில் பிடித்தார்கள் என்று. வற்றாப்பளை அம்மன் கோயிலில் வைகாசியில் வரும் அந்தப் பொங்கல் மே கடைசியிலும் விழலாம், ஜூனிலும் விழலாம். மாதம் சொல்லுமாறு வற்புறுத்தியபோது அவன் ஒருமுறை ஒன்றையும் மறுமுறை மற்றதையும் சொல்லியிருக்கிறான். இன்டர்வியூவின் ஒலிப்பதிவைக் கேட்டு வாங்கி, அவன் பொங்கல் என்று சொன்ன இடத்தை எழுத்தாக்கி, அந்த ஆண்டின் தமிழ் நாட்காட்டித் தாளையும் மொழிபெயர்த்து இணைத்தோம். தஞ்சக் காரணத்தை விரிவாகக் கேட்கும் பெரிய இன்டர்வியூவின் ஒலிப்பதிவைக் கேட்டுப் பெறலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. எழுதப்பட்ட பிரதியை மட்டும் நம்பாமல் அதை வாங்கி, தமிழ் தெரிந்த ஒருவர் முழுவதும் கேட்க வேண்டும். கேட்பது கடினமான வேலை, குறிப்பாகச் சொந்தச் சகோதரனின் குரல் என்றால். ஆனாலும் அதைத் தவிர்க்க வேண்டாம்.

இன்னொரு கேள்வி, முதல் சின்ன இன்டர்வியூவில் அவன் 2009 விசாரணைகளைச் சொல்லவில்லை என்பது. ஸ்கிரீனிங் என்று சொல்லப்படும் அந்த நேர்காணல் ஆளை அடையாளம் காணவும் பயண வழியை அறியவும் நடப்பது. அங்கே காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லும்படிதான் கேட்பார்கள். அங்கே விவரம் சொல்லாததை எவ்வளவு தூரம் ஒருவருக்கு எதிராகப் பாவிக்கலாம் என்பதற்கு எல்லை உண்டு என்று 2004இல் ஒரு சீன நாட்டவரின் வழக்கில் தீர்ப்பாயமே சொல்லியிருக்கிறது. மூன்றாவது கேள்வி, தேடப்படும் ஒருவர் எப்படிக் கட்டுநாயக்க விமான நிலையம் வழியாகச் சொந்தக் கடவுச்சீட்டில் வெளியேற முடியும் என்பது. இலங்கைத் தமிழர் பெறும் மறுப்புக் கடிதங்களில் இது அடிக்கடி வரும் வாதம். 2013இல் ஜி.ஜே. என்ற பெயரில் வந்த நாட்டு வழிகாட்டித் தீர்ப்பு (ஒரு நாட்டின் நிலைமை பற்றிப் பின்வரும் வழக்குகளுக்கு வழிகாட்டும் தீர்ப்பு), தீவிரமாகத் தேடப்படுபவர்கூட இலஞ்சம் கொடுத்து விமான நிலையத்தால் வெளியேறுவது சாத்தியம் என்று ஏற்றுக்கொண்டது. மறுப்புக் கடிதம் சொல்லும் ஒன்று, தீர்ப்பாயம் ஏற்கெனவே முடிவு கட்டிய ஒன்றுக்கு முரணாக இருக்கிறதா என்று உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள். பல இடங்களில் இருக்கும்.

ஊர்க் காகிதங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சமாதான நீதவானின் கடிதம், கிராம சேவகரின் கடிதம், கோயில் தர்மகர்த்தாவின் கடிதம் என்று எங்கள் ஆட்கள் ஒரு கட்டுச் சேர்ப்பார்கள். எல்லாவற்றிலும் ஒரே வசனம், ஒரே எழுத்துப் பிழை. கேட்டு வாங்கிய கடிதம் என்று நீதிபதி ஒரு பார்வையில் கண்டுகொள்வார். 2002இல் வந்த தன்வீர் அகமது வழக்கின்படி, ஓர் ஆவணம் நம்பத்தக்கது என்று காட்டுவது அதைக் கொடுப்பவரின் பொறுப்பு. மற்ற எல்லா ஆதாரங்களோடும் சேர்த்துத்தான் அது எடைபோடப்படும். எங்களுக்கு உதவியது ஒரே ஒரு துண்டு. தம்பியைக் கொண்டுபோன மறுநாள் அம்மா மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்து, இலக்கமிட்ட பற்றுச்சீட்டு வாங்கி வைத்திருந்தார். யாரும் கேட்டு எழுதியதல்ல, வழக்கு என்ற எண்ணமே இல்லாத நாளில் பிறந்த காகிதம். அதைச் சாதாரணமாகப் படம் எடுத்து அனுப்புமாறு நாங்கள் சொல்லவில்லை. ஊரில் ஒரு சட்டத்தரணியை அமர்த்தி, அவர் அந்த அலுவலகத்துக்குப் போய்ப் பதிவேட்டில் அந்த இலக்கம் இருப்பதைச் சரிபார்த்து, தன் பதிவு விவரங்களோடு எழுதிய கடிதத்தையும் சேர்த்துக் கூரியரில் அனுப்பினார். அந்தக் கூரியர் உறையையும், அதில் ஒட்டியிருந்த பற்றுச்சீட்டையும் சேர்த்தே தீர்ப்பாயத்தில் கொடுத்தோம். உறையை எறிந்துவிடாதீர்கள், காகிதம் யாரிடமிருந்து, எப்போது, எப்படி வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. எளிதாகச் சரிபார்க்கக்கூடிய, வழக்கின் மையமான ஆவணத்தை அரசுத் தரப்பு சரிபார்க்காமலே தள்ளிவிட்டால் அதை எப்படிப் பார்க்க வேண்டும் என்று 2014இல் பி.ஜே. என்ற இலங்கையரின் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் பேசியிருக்கிறது. தீர்ப்பாயத்தில் எங்களுக்காக வாதாடிய பாரிஸ்டர் அந்தத் தீர்ப்பையும் வழக்குக் காகிதக் கட்டோடு சேர்த்தார்.

மருத்துவ அறிக்கைதான் எங்கள் வழக்கின் முதுகெலும்பு. தம்பியின் முதுகில் சுட்ட கம்பியின் கோடுகள் இருந்தன. அவற்றை ஒரு குடும்ப வைத்தியரின் இரண்டு வரிக் கடிதம் நிரூபிக்காது. சித்திரவதைக் காயங்களை ஆராயப் பயிற்சி பெற்ற வைத்தியர், இஸ்தான்புல் நெறிமுறை என்ற சர்வதேச வழிகாட்டியின்படி எழுதும் அறிக்கை வேண்டும். அந்த நெறிமுறை ஒவ்வொரு தழும்பையும் ஐந்து படிகளில் ஒன்றில் வைக்கச் சொல்கிறது: சொல்லப்படும் காரணத்தோடு பொருந்தாதது, பொருந்துவது, மிகவும் பொருந்துவது, அக்காரணத்தால் வழமையாக உண்டாவது, வேறு எந்தக் காரணத்தாலும் உண்டாகியிருக்க முடியாதது. லீகல் எயிட் இதற்கான செலவைத் தரும். சித்திரவதைக்கு உள்ளானோருக்காக இயங்கும் ஃப்ரீடம் ஃப்ரொம் டோர்ச்சர், ஹெலன் பாம்பர் அறக்கட்டளை போன்ற அமைப்புகளும் இத்தகைய அறிக்கைகளைத் தயாரிக்கின்றன, ஆனால் அவர்களிடம் காத்திருப்பு நீளும். ஆகவே மறுப்பு வரும்வரை பார்த்திராமல் முதலே கேளுங்கள்.

பரிசோதனை முடிந்த அன்று மாலை, உள்ளே நடந்ததைத் தம்பி எனக்குச் சொன்னான். வைத்தியர் மனித உடம்பின் படம் அச்சிட்ட தாளில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒவ்வொரு தழும்பையும் குறித்து, சிறிய அளவுகோலை வைத்து நீள அகலம் எழுதினாராம். முழங்காலுக்குக் கீழே இருந்த ஒரு நீளத் தழும்பைக் காட்டி இது எப்படி வந்தது என்று கேட்டபோது, "அது சின்ன வயசில முள்ளுக்கம்பி வேலி பாயேக்க கிழிச்சது" என்றிருக்கிறான். கையிலிருந்த இன்னொன்று எப்படி வந்ததென்று தெரியாது என்றிருக்கிறான். அறிக்கையில் வைத்தியர் அவை இரண்டையும் அப்படியே எழுதி, தழும்புகள் எல்லாவற்றையும் சித்திரவதையோடு சேர்க்க இவர் முயலவில்லை என்றும் குறிப்பிட்டிருந்தார். பின்னர் அவனை நம்புவதற்கு நீதிபதி சொன்ன காரணங்களில் அந்த வரியும் ஒன்று.

தமிழர் வழக்குகளில் அரசுத் தரப்பு சில வேளை எடுக்கும் ஒரு வாதம் உண்டு: இந்தக் காயங்களை இவரே ஒருவரைக் கொண்டு ஏற்படுத்திக்கொண்டார் என்பது. கே.வி. என்ற இலங்கைத் தமிழரின் வழக்கு இதன் பேரில்தான் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 மார்ச்சில் வந்த அந்தத் தீர்ப்பு, தழும்பு அவர் சொல்லும் முழு வரலாற்றோடு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்ல வைத்தியருக்கு இடமுண்டு என்றும், இப்படி வேண்டிப் பெற்ற காயங்கள் மிக மிக அரிதாகவே இருக்கும் என்பதற்கு உரிய கனம் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லியது. தஞ்சச் சட்டத்தின் பல அடிப்படைகள் எங்கள் மக்களின் வழக்குகளிலிருந்தே பிறந்திருக்கின்றன. ஆபத்து இருப்பதற்கு நியாயமான அளவு வாய்ப்பு இருந்தால் போதும் என்ற அளவுகோலைப் அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1987இல் வகுத்ததும் சிவகுமாரன் முதலான ஆறு தமிழர்களின் வழக்கில்தான். அவர்கள் அந்த வழக்கில் தோற்றார்கள், அளவுகோல் மட்டும் உலகமெங்கும் பரவியது. இங்கே ஒரு முக்கிய மாற்றத்தைச் சொல்ல வேண்டும். 2022 ஜூன் 28 அல்லது அதற்குப் பின் தஞ்சம் கோரியவர்களுக்கு, தனிப்பட்ட பயம் உண்மையானதா என்பது போன்ற முதற்கட்டக் கேள்விகளில், பொய்யாக இருப்பதைவிட உண்மையாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று காட்ட வேண்டிய கூடிய பொறுப்பு வந்திருக்கிறது. தம்பியின் கோரிக்கை அதற்கு முந்தியது. இப்போது கேட்பவர்கள் ஆதாரம் சேர்ப்பதில் எங்களைவிடக் கவனமாக இருக்க வேண்டும்.

இவ்வளவும் இருந்தும் முதல் மேன்முறையீட்டில் தோற்றோம். தீர்ப்பைச் சொலிசிற்றர் அலுவலகத்தில் வாசித்தபோது எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பாரிஸ்டர்தான் அதன் ஒழுங்கைக் காட்டினார். நீதிபதி முதல் பக்கங்களில் தம்பியின் பேச்சை நம்ப முடியாது என்று முடிவு கட்டிவிட்டு, அதன் பிறகு மருத்துவ அறிக்கைக்கு வந்து, ஆளை நம்பாததால் அறிக்கைக்கும் கனம் கொடுக்கவில்லை என்று எழுதியிருந்தார். அப்படிச் செய்யக் கூடாது, மருத்துவச் சான்றையும் சேர்த்து வைத்துப் பார்த்த பிறகே நம்பகத்தன்மை பற்றிய முடிவுக்கு வர வேண்டும் என்று 2005இல் மிபாங்கா என்ற கொங்கோ நாட்டவரின் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தோற்ற தீர்ப்பை வாசிக்கும்போது "என்ன அநியாயம்" என்று கேட்பதில் பயனில்லை. எந்த இடத்தில் சட்டத் தவறு என்று கேட்க வேண்டும். மேல் தீர்ப்பாயம் வழக்கைப் புதிதாகக் கேட்பதற்கு முன்னால் அந்த ஒன்றைத்தான் பார்க்கும்.

மேல் தீர்ப்பாயத்துக்குப் போவதற்கான அனுமதியை முதலில் முதல்நிலைத் தீர்ப்பாயத்திடமே கேட்க வேண்டும், அதற்கும் 14 நாட்கள். அங்கே மறுத்தால் மேல் தீர்ப்பாயத்திடம் நேரடியாகக் கேட்கலாம். எங்களுக்கு இரண்டாவது தடவைதான் அனுமதி கிடைத்தது. லண்டன் சான்செரி லேன் அருகே உள்ள ஃபீல்ட் ஹவுஸில் நடந்த விசாரணையில் தம்பி ஒரு வார்த்தையும் பேசவில்லை. இரண்டு சட்டத்தரணிகள் நீதிபதியோடு சட்டம் பேசினார்கள். பழைய தீர்ப்பு முழுவதும் இரத்தாகி, எந்த முடிவையும் மிச்சம் வைக்காமல் வேறொரு நீதிபதி முதலிலிருந்து கேட்கட்டும் என்று திருப்பி அனுப்பப்பட்டது. இது ஏன் பெரிய விஷயம் என்றால், இரத்துச் செய்யப்படாத தோல்வி ஒன்று எப்போதும் கூடவே வரும். பின்னாளில் புதிய சான்றோடு வழக்கு மறுபடி நீதிபதியிடம் போனாலும், முந்திய தீர்ப்பிலிருந்தே அவர் தொடங்குவார். 2002இல் இதை வகுத்த தேவசீலன் வழக்கும் ஓர் இலங்கைத் தமிழருடையதே. ஆகவே "இப்ப சும்மா போட்டு வைப்பம், பிறகு பார்ப்பம்" என்று முதல் மேன்முறையீட்டை அரைகுறையாக நடத்துவது பிற்காலத்தையும் சேர்த்து அடைமானம் வைப்பதாகும்.

இரண்டாவது விசாரணை ஹீத்ரோவுக்கு அருகிலுள்ள ஹற்றன் குறொஸ் நிலையத்தில் நடந்தது. அதற்கு முன் மனநல வைத்தியரின் அறிக்கை ஒன்றையும் சேர்த்திருந்தோம். அதன் அடிப்படையில் தம்பியைப் பாதிப்புக்குள்ளாகக்கூடிய சாட்சியாக நடத்தும்படி முன்கூட்டியே எழுதிக் கேட்டோம். இதற்கு 2010ஆம் ஆண்டின் வழிகாட்டல் குறிப்பு இருக்கிறது. இடைவேளை, சுருக்கமான கேள்விகள், ஒரு கேள்விக்குள் இன்னொரு கேள்வியைத் திணிக்காமை ஆகியவற்றை நீதிபதி தொடக்கத்திலேயே உறுதி செய்தார். மொழிபெயர்ப்பாளரைத் தீர்ப்பாயமே இலவசமாக ஏற்பாடு செய்யும். இலங்கைத் தமிழ் பேசுபவர் வேண்டும் என்று படிவத்திலேயே குறிப்பிட வேண்டும். இருவருக்கும் ஒருவரையொருவர் விளங்குகிறதா என்று நீதிபதி முதலில் கேட்பார். விளங்காவிட்டால் அந்த இடத்திலேயே கையை உயர்த்திச் சொல்ல வேண்டும். மரியாதைக்காகத் தலையாட்டிவிட்டுப் பிறகு குறை சொன்னால் எடுபடாது.

அறையில் தலையில் வைக்கும் விக்கும் இல்லை, கூண்டும் இல்லை. மேசைகளைச் சுற்றி நாலைந்து பேர். தம்பியின் சாட்சிக் கூற்று ஏற்கெனவே எழுத்தில் இருப்பதால், அதை ஏற்கிறேன் என்று சொன்னவுடன் குறுக்கு விசாரணை தொடங்கிவிடும். சொல்ல வேண்டியது எல்லாம் அந்தக் கூற்றில் இருந்தாக வேண்டும் என்பதன் காரணம் இதுதான். அரசுத் தரப்பு அலுவலர் கேட்ட கேள்விகளில் பாதி, இராணுவத்தின் மனதுக்குள் என்ன இருந்தது என்பதைப் பற்றியவை. சந்தேகம் இருந்தால் ஏன் விட்டார்கள்? பிறகு அவன் இருந்த வவுனியாவில் ஏன் வந்து தேடவில்லை? முதல் விசாரணையில் தம்பி இவற்றுக்கெல்லாம் ஊகம் சொல்லப் போய்ச் சிக்கியிருந்தான். இந்த முறை, "காசு குடுத்து எடுத்தது சித்தப்பா. அவையள் ஏன் வந்து தேடேல்லை எண்டு எனக்குத் தெரியாது" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு மௌனமாக இருப்பது பயிற்சியால் வருவது. வீட்டில் அதைப் பழகியிருந்தோம். பதிலைப் பழகக் கூடாது, கேள்வியை முழுதாகக் கேட்டு முடிப்பதைத்தான் பழக வேண்டும்.

சாட்சியான நான் என் முறை வரும்வரை வெளியே இருந்தேன். நேரே கண்டது எது, அம்மா தொலைபேசியில் சொன்னது எது என்று என் கூற்றில் பிரித்து எழுதியிருந்ததால், என்னிடம் கேட்பதற்கு அதிகம் இருக்கவில்லை. அவன் வந்து இறங்கிய கிழமையில் சட்டையைக் கழற்ற மறுத்ததையும், பிறகு முதுகுக்கு மருந்து பூசியது நான்தான் என்பதையும் சொன்னேன். உறவினர் என்பதற்காகச் சாட்சியம் தள்ளப்படும் என்று பயந்து சொந்தக்காரரை ஒதுக்கிவிடாதீர்கள். தாம் கண்டதை மட்டும் சொல்லும் உறவினரின் சொல்லுக்குக் கனம் உண்டு.

இங்கே நடக்கும் போராட்டங்களில் கலந்துகொள்வது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வழக்குப் பலப்படும் என்று சொல்லி இளைஞர்களைக் கொடி பிடித்துப் படம் எடுக்க வைப்பவர்கள் இருக்கிறார்கள். 2021இல் வந்த கே.கே., ஆர்.எஸ். வழிகாட்டித் தீர்ப்பின்படி, ஒருவர் புலம்பெயர் பிரிவினைச் செயற்பாட்டில் குறிப்பிடத்தக்க பங்கு வகிப்பவராக இலங்கை அரசு கருதுமா என்பதே கேள்வி. எந்த அமைப்பு, என்ன வேலை, எவ்வளவு காலம் என்பதெல்லாம் பார்க்கப்படும். கூட்டத்தில் நின்ற படம் மட்டும் போதாது. அதே சமயம், உண்மையான அரசியல் நம்பிக்கை உள்ள ஒருவரை, ஊருக்குத் திரும்பிப் பயத்தால் அதை மறைத்து வாழச் சொல்ல முடியாது என்ற கோட்பாடும் அத்தீர்ப்பில் பேசப்படுகிறது. நம்பிக்கை உண்மையானால் வெட்கமின்றிச் சொல்லுங்கள். இல்லாத ஒன்றை வழக்குக்காக உடுத்திக்கொண்டால் குறுக்கு விசாரணையில் அது கழன்றுவிடும். தம்பி தன் வழக்கை 2017இல் நடந்தவற்றின் மீதே நிறுத்தினான்.

தீர்ப்பு அன்று சொல்லப்படாது. சில வாரங்களில் எழுத்தில் வரும். வெற்றி என்று வந்தாலும் அரசுத் தரப்புக்கும் அனுமதி கேட்க 14 நாட்கள் உண்டு என்பதால், அது கழியும்வரை நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை. அவர்கள் கேட்கவில்லை. அந்தக் காலத்து விதிப்படி ஐந்து வருட விசா கிடைத்தது. அரசின் தஞ்ச வீட்டில் இருப்பவர்களுக்கு அந்தஸ்து கிடைத்தபின் வீட்டையும் கொடுப்பனவையும் விட்டு வெளியேறச் சில வாரங்களே தருவார்கள். ஆகவே தேசிய காப்புறுதி இலக்கம், வங்கிக் கணக்கு, உள்ளூராட்சிச் சபையின் வீட்டுப் பிரிவு ஆகிய மூன்றையும் கடிதம் கிடைத்த அன்றே தொடங்க வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பிக்கவோ, அதில் ஊருக்குப் போய்வரவோ கூடாது. அந்த நாட்டின் பாதுகாப்பை மறுபடி நாடியதாகக் கருதி அந்தஸ்தை மீளாய்வு செய்ய அது இடம்கொடுக்கும். வெளிநாடு போவதற்கு அகதிகளுக்கான பயணப் பத்திரம் தனியாக விண்ணப்பித்து வாங்க வேண்டும், அது இலங்கைக்குச் செல்லாது. அம்மாவுக்கு இதை விளங்கப்படுத்துவதுதான் எங்களுக்கு எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. விசா கிடைத்துவிட்டால் மகன் அடுத்த பொங்கலுக்கு வந்து நிற்பான் என்று அவர் அதுவரை நினைத்திருந்தார்.